கஷாயத்துக்குத் தப்பிய நாற்பது வயசு

இருபது வருஷமாக எனக்கு நாற்பது வயசுதான். மஞ்சணத்தூர் அரசவையில் இந்தக் கொம்பையாவின் வயசை யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. கரிசலாங்கண்ணித் தைலம் அவ்வளவு உசத்தி!

அந்த வருஷம் ஊரில் விஷக்காய்ச்சல் பரவியது. அரண்மனை வைத்தியர் நஞ்சுண்டார் ஒரு கஷாயம் காய்ச்சினார்.

"குடித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் பிழைத்தார்கள், அரசே! குடிக்காதவர்களில் ஐந்து பேர்தான்."

மன்னர் வீரகேசரி பூரித்துப் போனார். காய்ச்சல் கண்டவர்கள் எல்லோரும் குடித்தே ஆகவேண்டும், மறுத்தால் வாயில் ஊற்றுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

என்னோடு சொக்கட்டான் ஆடும் கிழங்கள் மூன்று குடித்தன. மூன்றும் போய்ச் சேர்ந்தன. ஒளிந்துகொண்டு கஞ்சி குடித்த நாலாவது கிழம் இன்னும் என் காயை வெட்டிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் எனக்கே உடம்பு சுட்டது. ஐயோ! என்னை மகா புத்திசாலி என்று ஊர் சொல்லும். தொடைநடுங்கி என்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எனக்குக் கஷாயம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நான் நேரே மடைப்பள்ளிக்கு ஓடித் தலைமைச் சமையல்காரர் தாண்டவனின் காலில் விழுந்தேன்.

பந்தியில் மன்னர் கூட்டை வாயில் வைத்தார். "சப்பென்று இருக்கிறதே!" ரசத்தை உறிஞ்சினார். "தூ! கடல் தண்ணி! எவன்டா சமைத்தது?"

"சமைத்தவர் தாண்டவன், சொன்னவன் நான்" என்றேன். "கூட்டு உப்பையும் ரசத்திலேயே போடச் சொன்னேன். சேர்த்துப் பார்த்தால் அளவு சரிதானே, அரசே?"

"முட்டாளே! சேர்த்தா சாப்பிடுகிறேன்?"

"நோயாளிகளும் சேர்ந்து சாவதில்லையே, அரசே! வைத்தியர் எல்லோரையும் ஒரே பானையில் போட்டு எண்ணியிருக்கிறார். வாலிபர்களைத் தனியாக, கிழவர்களைத் தனியாக எண்ணச் சொல்லுங்கள்."

நஞ்சுண்டார் நோயாளிகளின் ஏட்டைப் பிரித்து அங்கேயே எண்ணினார். எண்ண எண்ண அவர் முகம் வெளுத்தது. வாலிபர்களில் குடித்தவர்கள் அநேகமாக எல்லோரும் எழுந்து நடமாடுகிறார்கள். அறுபது தாண்டியவர்களிலோ குடித்தவர்கள்தான் அதிகம் செத்திருக்கிறார்கள். குடிக்காமல் கஞ்சியோடு படுத்துக் கிடந்த கிழவர்களில் பாதிக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள்.

மன்னர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "இனி அறுபதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கஷாயம். அறுபது தாண்டியவர்களுக்குக் கஞ்சி!"

அப்பாடா என்று மூச்சு விட்டேன். நஞ்சுண்டார் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கொம்பையாவுக்குத்தான் நாற்பது ஆயிற்றே! எங்கே அந்தக் கிண்ணம்?"

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான். இரண்டு காவலர்கள் என் தோளைப் பிடித்தார்கள். கிண்ணம் மூக்குக்குக் கிட்டே வந்தது.

"அறுபத்துநாலு!" என்று அலறினேன். "சத்தியமாக அறுபத்துநாலு!"

பந்தியே கொல்லென்று சிரித்தது. கருமீசை முறுக்கிய சேனாதிபதி மட்டும் சிரிக்கவில்லை. மெல்ல எழுந்து நின்றார். "அரசே, எனக்கும் காலையிலிருந்து உடம்பு ஒரு மாதிரி சுடுகிறது... எனக்கு அறுபத்தொன்பது."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி என் விரலில் போட்டார். போடுகிற சாக்கில் என் காதருகே குனிந்தார்.

"கொம்பையா, நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சியே கொடுக்கச் சொல். ஏன் என்று மட்டும் கேட்காதே. அப்புறம்... அந்தத் தைலம் எங்கே வாங்குகிறாய்?"