தோல்விக்கு ஒரு பெயர்

வியாசர்பாடிப் பக்கம் ஒரு கால்பந்து கிளப். இறுதிப் போட்டியில் தோற்ற மறுநாள் டீக்கடையில் ரசிகர்களுக்குள் ஒரே சண்டை.

"ரெஃப்ரி ஏமாத்திட்டான்பா!"

"கோச்சுக்கு ஆளை மாத்தத் தெரியல!"

கோல்கீப்பர் லாசர் தலைகுனிந்து நின்றான்.

கிளப் தலைவர் கன்னியப்பன் வந்தார். "யாரால தோத்தோம்? ஒரே ஒரு பேர் சொல்லுங்க. அவனை இன்னிக்கே கிளப்பை விட்டுத் தூக்கிடறேன்."

எல்லோரும் லாசரைப் பார்த்தார்கள்.

எந்த ஆட்டத்திலும் இறக்கப்படாத மாற்று ஆட்டக்காரன் தேசப்பன் மெல்லக் கேட்டான்: "போன வருஷம் யாரால ஜெயிச்சோம் தலைவரே?"

"என்னாலதான். அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப இந்த வருஷத்துக்கும் அதே பேரை வச்சுக்கலாமா?"

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. லாசரிடம் போய் அவன் தோளில் கை வைத்தார்.

"நாளைக்கு பிராக்டிஸுக்கு வந்துடு. நானும் வரேன்."