முத்திரை இல்லாத பீஸ்

“அல்போன்ஸ் போயிட்டாருங்க அம்மணி. நம்ம பீஸுக்கு முத்திரை வெக்காமயே போயிட்டாரு.”

மெஹரிடம் இப்படிச் சொன்ன சென்னியப்பனின் துக்கத்தில் பெரும்பகுதி இரண்டாவது வாக்கியத்தில்தான் இருந்தது.

கோவையில், மேசையில் பந்தடிக்கும் பூல் ஆட்டத்துக்கான கோல்களைக் கையால் கடைந்தவர் அல்போன்ஸ் ஒருவர்தான். ஆடுபவர்கள் அவற்றை ஸ்டிக் என்பார்கள். சேகரிப்பவர்கள் பீஸ் என்பார்கள். அறுபத்திரண்டு வயது சென்னியப்பன் சேகரிப்பவர்.

அல்போன்ஸ் இறந்த வாரமே விலை நாலு மடங்கு ஏறிவிட்டது. இனி ஒன்றுகூடச் செய்யமாட்டார் என்பதற்கு இதைவிட உறுதியான உத்தரவாதம் ஏது? ஆனால் முத்திரை இல்லாததை, வாங்க வந்த சென்னை வியாபாரி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

விற்கும்போது அல்போன்ஸ் முத்திரை வைப்பதில்லை. ஒரு வருடம் ஆடிவிட்டுக் கொண்டுவரச் சொல்வார். மேசைமேல் உருட்டிப் பார்ப்பார். கோணாமல் ஓடினால், முத்திரை இரும்பைக் காய்ச்சி அடிப்பக்கத்தில் சுடுவார்.

சென்னியப்பன் பன்னிரண்டு வருடமாகத் தன் பீஸை வெல்வெட் பெட்டியிலேயே வைத்திருந்தார். கை பட்டால் மதிப்புக் குறையும் என்று எங்கோ படித்திருந்தார்.

இரும்பு இப்போது மெஹரிடம் இருந்தது. அல்போன்ஸின் ஒரே சிஷ்யை. பூல் ஹால் நடத்துகிறாள். சென்னியப்பனின் மகளைவிட இளையவள். அவள் சுட்டாலும் தானே சுட்டதாக அர்த்தம் என்று அல்போன்ஸ் எழுதியே கொடுத்திருந்தார்.

மெஹர் பீஸை உருட்டினாள். நூல் பிடித்த மாதிரி ஓடியது.

“நேராத்தானுங்க இருக்குது,” என்றார் சென்னியப்பன்.

“படுத்தே கெடந்தா யாரும் நேராத்தான் இருப்பாங்க, சார்.”

முத்திரை இல்லாமல் நகரமாட்டேன் என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவள் போகச் சொல்லவில்லை; டீ வாங்கிக் கொடுத்தாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள், டீக்குப் பதிலாக ஒரு நீலச் சாக்குக்கட்டியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அதைக் கோல் நுனியில் தேய்த்து ஆடினால் பீஸ் புதியது என்ற பெருமையும் போய்விடும். முத்திரையோ ஒரு வருடம் கழித்துத்தான், அதுவும் கோணாமல் இருந்தால். சென்னியப்பன் வெகுநேரம் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தேய்த்தார்.

முதல் அடியில், விழக்கூடாத வெள்ளைப் பந்தே குழிக்குள் விழுந்தது. பக்கத்து மேசையில் ஆட்டோ ஓட்டும் குப்புராஜ், “நல்ல குறிங்கண்ணா” என்றான்.

மறுநாளும் வந்தார். தினமும் வந்தார். குப்புராஜிடம் நாற்பத்தொரு ஆட்டம் தோற்றார். எண்ணியது குப்புராஜ்தான்.

வருடம் முடிந்த அன்று மெஹரே கூப்பிட்டாள். கோலின் கைப்பிடி வியர்வையில் கறுத்து, உடம்பெல்லாம் சிறு சிறு கீறல். உருட்டினாள். நேராக ஓடியது.

அடுப்பைப் பற்றவைத்து இரும்பை அதன்மேல் வைத்தாள்.

“சுட்டுட்டு வார்னிஷ் பூசணும். காயட்டும், வெச்சுட்டுப் போங்க.”

“எத்தன நாளாகுமுங்க?”

“ரெண்டு நாள்.”

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். குப்புராஜ் பந்துகளை முக்கோணத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“ஸ்டிக்கக் குடுங்க அம்மணி,” என்றார். “அவன் காத்துட்டிருக்கான்.”