சுண்ணாம்புக் காளவாசலில் நின்ற மூப்பர்

கடலோரச் சிப்பிவிளையில் மனுவேல் என்னும் அடியார் காளவாசலில் சுண்ணாம்புக்காகச் சிப்பி சுட்டுப் பிழைத்தார். கைகளெங்கும் வெந்த தழும்புகள். வேலை முடிந்ததும் குளித்துவிட்டு நோயாளிகளின் வீடுகளுக்குப் போவார். நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபிப்பார். சபை மூப்பர்கள் செய்யவேண்டிய பணி அது. அவ்வூர் மூப்பர்களோ முன்வரிசை நாற்காலியையே மூப்பு என்று எண்ணியிருந்தார்கள்.

அந்த நாற்காலிக்காகச் சபை இரண்டாகப் பிளந்தது. மூப்பர் தங்கையாவின் ஆட்கள் ஒருபுறம், அவருடைய பங்காளி சாலமோனின் ஆட்கள் மறுபுறம். புதிய மூப்பரைத் தெரிந்தெடுக்கும் ஞாயிறன்று கோயிலுக்குள்ளேயே கம்புகள் எழுந்தன. திருவிருந்துக் கிண்ணம் மிதிபட்டு நசுங்கியது. விலக்க வந்த குருவானவரைத் தங்கையா அடிக்க ஓங்கியபோது மனுவேல் குறுக்கே புகுந்தார். அடி இடக்கண்ணில் விழுந்தது, கண் போயிற்று. சிப்பி சுடுகிறவனுக்கு மூப்பராக ஆசை என்று இரு கட்சியாரும் சிரித்தார்கள். அவரோ காயம் ஆறுமுன்பே நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பகை தணியவில்லை. கோடையில் ஒருநாள் தங்கையா, சாலமோனின் தம்பியை வெட்டிக் கொன்றார். பழிக்கு வந்தவர்கள் அவர் தொடையைப் பிளந்தார்கள். சொந்த ஆட்கள் கைவிட்டு ஓட, ரத்தம் ஒழுகத் தவழ்ந்து வந்து காளவாசலை ஒட்டிய மனுவேலின் கொட்டகையில் விழுந்தார். மனுவேல் தம் வேட்டியைக் கிழித்துக் காயத்தை இறுகக் கட்டினார்.

“ஒன் கண்ண அவிச்சவன் நான்டே.”

“தெரியும் ஐயா. பேசாம கிடங்க, ரத்தம் ஓடுது.”

அதற்குள் சாலமோன் அரிவாள்களோடு வந்து சேர்ந்தார். தங்கையாவை வெளியே விடாவிட்டால் இருவரையும் சூளையில் தள்ளுவதாகச் சொன்னார். மனுவேல் வாசல் நிலையைப் பற்றிக்கொண்டார்.

“அவரு உசிரு மட்டுமில்ல, ஐயா. ஒங்க ஆத்துமாவும் எனக்கு வேணும்.”

தோளில் வெட்டு விழுந்தது, பிடியை விடவில்லை. விரல்களை அடித்து முறித்து, அவரைச் சூளைவாய் வரை இழுத்துப் போனார்கள். அனலில் தலைமயிர் கருகியது. அப்போதும் அவர்களுக்காகவே ஜெபித்தார்.

மேகமே இல்லாதிருந்த வானம் இருண்டு, மழை கொட்டியது. குவித்திருந்த சுட்ட சிப்பி நீர் பட்டுக் கொதித்துச் சீறியது. ஆவி கண்ணை மறைக்க, வெறுங்கால்கள் வெந்து கூட்டம் சிதறியது. சாலமோன் வழுக்கி அந்தக் கொதிப்பிலேயே விழுந்தார். விரல் முறிந்த கைகளால் மனுவேல் அவரை வாரியெடுத்துக் கொட்டும் மழையில் கிடத்திக் கழுவினார். சாலமோனின் கையிலிருந்த அரிவாள் நழுவியது. அதை அவர் மறுபடி எடுக்கவில்லை.

போலீசார் கொண்டுபோகுமுன் தங்கையா தலைகுனிந்து, “மூப்பரே, எனக்காக ஜெபம் பண்ணும்” என்றார். மனுவேலை அந்தப் பெயரால் முதன்முதலில் அழைத்தவர் அவரே. அடுத்த ஞாயிறு குருவானவர் மனுவேலின் தலைமேல் கைவைத்து அவரை மூப்பராக்கினார். பரலோகம் மழையாய் இறங்கி முன்னமே அபிஷேகம் செய்தவருக்கு, சபை பின்னால் வந்து ஆமென் சொன்னது. அந்த ஒற்றைக்கண் மேய்ப்பரின் பாதங்கள் வாழ்க.