‘ஓட்டவா?’ என்று கேட்ட கோப்பு

விடை தெரிந்தவர்கள் பக்கத்து ஆளின் காதில் ஊதாமல் கேளுங்கள்.

கடலோர ஊர் ஒன்றில் புயல் எச்சரிக்கைச் சங்கம். அவர்கள் கணினியில் ஒரு குறிப்புக் கோப்பு. வெறும் எழுத்துதான், நடுநடுவே கணினிக்குக் கட்டளையிடும் நிரல் துண்டுகள் செருகியிருக்கும். ஒன்று ஓடினால் காற்று அட்டவணை வரும். ஒன்று ஓடினால் அலை அட்டவணை. இன்னொன்று ஓடினாலோ, கடலில் நிற்கும் அத்தனை படகுக்கும் போனில் ‘புயல்! கரைக்குத் திரும்பு!’ என்று செய்தி பறக்கும்.

போன மாதம் அது தவறிப் பறந்துவிட்டது. வலையை அறுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் கரையில் நின்று வெளுத்து வாங்கினார்கள். “இன்னொரு தடவ பொய்யா கூப்பிட்டா, நெசப் புயலுக்கும் திரும்ப மாட்டோம், பாத்துக்கோ!” என்று கத்தியவன் சில்வெஸ்டர். அவன் தங்கை டெல்வினாதான் இன்று கணினி முன்னால். வானம் தெளிவு. அண்ணன் கடலில்.

புதிதாய்ச் சேர்ந்தவர்கள் படிக்கத் தாள் கேட்டு வாசலில் காத்திருக்க, கோப்பை அச்சுக்கு அனுப்பினாள். அச்சுக்குப் போனாலே துண்டுகளும் ஓடப் பார்க்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. திரை கேட்டது: ‘இந்த நிரல் துண்டை ஓட்டவா? ஆம் / இல்லை.’

எந்தத் துண்டு? அதை மட்டும் சொல்லாது. வாளியில் என்ன இருக்கிறதென்று காட்டாமலே, பந்தியில் “வைக்கவா, வைக்கவா?” என்று குனிகிறவரைப் போல.



கோப்பை எழுதிய கிளீட்டஸ் தொண்டையைக் கனைத்தார். “முதல்ல காத்து அட்டவணைதான் வச்சேன்னு நினைக்கேன். ஆம்னு தட்டும்மா. அது இல்லாத தாள வச்சு என்னத்தப் படிக்க?”

சங்கத் தலைவர் பங்கிராஸ் சுவரை நோக்கிப் பாய்ந்தார். “தட்டாத! கரண்டப் புடுங்கு!” அந்தக் கிழட்டுக் கணினி அணைந்தால் மறுபடி எழுப்புவது பெரும்பாடு. செய்தி அனுப்ப வேறு கணினியும் கிடையாது.

“இல்லைன்னு தட்டிரட்டா?” என்றாள் டெல்வினா.

“அட்டவணை வராதே மக்கா!” என்றார் கிளீட்டஸ்.

விரல் விசைமேல் நிற்கிறது. மூவரில் யார் சொன்னது சரி? சீக்கிரம் சொல்லுங்கள்!

விடை: டெல்வினா. ‘இல்லை’ தப்பானால் போவது ஓர் அட்டவணை, கையாலேயே எழுதிக்கொள்ளலாம். ‘ஆம்’ தப்பானால் போவது படகுக்காரர்களின் நம்பிக்கை. அதை யார் எழுதித் தருவது? கரண்டைப் பிடுங்கினாலோ, பொய்ச் செய்தியோடு நெசச் செய்திக்கும் வழி அடைபடும். திரை கேட்ட ஒவ்வொரு முறையும் ‘இல்லை’ என்றே தட்டினாள். பிறகு அந்த எச்சரிக்கைத் துண்டின் தலையில், அச்சிடும்போது ஓடாதே, கையால் அழுத்தினால் மட்டும் ஓடு என்று ஒரு கட்டளை சேர்த்தாள். சாயங்காலம் சில்வெஸ்டர் கூடை நிறைய மீனோடு வந்து முறைத்தான். “என்னட்டி, போன் சத்தமே இல்ல? சங்கத்துல எல்லாரும் தூங்கிட்டியளா?”

“ஆமாண்ணே, நல்ல தூக்கம்” என்றாள் டெல்வினா.