முள் அசையாத கருவி

முன்னொரு காலத்தில், வெயில் பொறுக்காத மன்னர் ஒருவருக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. பல வருடங்களாகப் பூட்டிக்கிடந்த நெல் நிலவறையில் மத்தியானத் தூக்கம் போட வேண்டுமாம். அரண்மனையில் கட்டிலுக்கா பஞ்சம்?

"மக்கிய நெல், அரசே. உள்ளே கெட்ட காற்று இருக்கும்" என்றான் அரசவை விகடகவி மருதூரான்.

அவன் வாயைத் திறந்தாலே அமைச்சர் அனந்தபூபதிக்கு வயிற்றெரிச்சல். உடனே பித்தளைக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"கடல் கடந்து வந்தது, மன்னா. கெட்ட காற்று இதன் துளைகளில் புகுந்தால் முள் பூஜ்ஜியத்திலிருந்து பத்துவரை ஏறும். தட்டினால்தான் இறங்கும்."

கயிற்றில் கட்டி நிலவறைக்குள் இறக்கி எடுத்தார். முள் அசையவேயில்லை.

"பார்த்தீர்களா? மருதூரானே முதலில் இறங்கிப் படுத்துக் காட்டட்டும்!"

"அப்படியே ஆகட்டும். முள் அசையாத இடத்தில் தயங்காமல் மூச்சு விட வேண்டும். இது நம் ஆணை" என்றார் மன்னர்.

மருதூரான் கருவியை உற்றுப் பார்த்தான். முந்தின நாள்தான் ஆயுத பூஜை. அமைச்சர் வீட்டில் பக்திக்குக் குறைவேது? துளையே தெரியாதபடி சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

"ஆணை எல்லோருக்கும் பொதுதானே, அரசே?"

"ஆம்."

மடைப்பள்ளிக்கு ஓடியவன், கரும்புச்சாறு நுரைத்துப் புளிக்கும் பானையோடு வந்தான். பானைக்குள் அகலை இறக்கினான், பொசுக்கென்று அணைந்தது. கருவியை இறக்கினான், முள் அசையவில்லை.

"அமைச்சர் பெருமானே, முள் அசையவில்லை. தங்கள் திருமுகத்தை உள்ளே விட்டு, மூச்சை நன்றாக இழுங்கள்."

"ஐயையோ! விளக்கே அணைந்துவிட்டதேயப்பா!"

"விளக்குக்குத் தெரிந்தது இதற்குத் தெரியவில்லையே. மூக்கை அடைத்துவிட்டு நாற்றம் உண்டா என்று கேட்டால், பாவம், என்ன சொல்லும்?"

சந்தனத்தைச் சுரண்டிக் கழுவி, துடைத்து, மறுபடி பானையில் காட்டினான். முள் நான்குக்கு ஏறியது. தட்டி இறக்கிவிட்டு நிலவறைக்குள் விட்டு எடுத்தான். முள் பத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"பத்துதானா?" என்றார் மன்னர், தூக்க ஆசை இன்னும் விடாமல்.

"முள்ளுக்குப் பாதை அங்கே முடிந்துவிட்டது, அரசே. அதற்கப்பால் இருபதா, இருநூறா என்பது இறங்கிப் படுப்பவருக்குத்தான் தெரியும். வந்து சொல்லத்தான் ஆளிருக்காது."

 மன்னர் அமைச்சரின் முகத்தைப் பார்த்தார். அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தம் பட்டுச் சால்வையை எடுத்து மருதூரானுக்குப் போர்த்தி, சுரண்டிய சந்தனத்தைத் தம் கையாலேயே அவன் மார்பில் பூசினார்.

அமைச்சருக்கும் ஒரு பொறுப்புக் கிடைத்தது: கருவியை எங்கே இறக்குவதானாலும், முதலில் புளித்த பானையில் காட்டிச் சரிபார்ப்பது. அன்றுமுதல் சபைக்கு அவர் வருவதைக் கட்டியக்காரன் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. வாசம் முன்னால் வந்துவிடும்.