வூட்ல சொல்லிக்கினு வந்தியா?

இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் இன்று நான் தின்ற சோறு செரிக்காமல் போகட்டும். கற்பூரம் அடிக்கச் சொல்கிறீர்களா, அடிக்கிறேன். கொதிக்கிற எண்ணெயில் கையை விடச் சொல்கிறீர்களா? எண்ணெய் விற்கிற விலைக்கு அது மட்டும் வேண்டாம். மற்றபடி அத்தனையும் சத்தியம்.

"சாமி, எனக்கு ஒரு மந்திரம் வேணும்" என்றான் எத்திராஜ்.

"எதுக்கு?"

"காது கேக்காம இருக்க."

"மொத்தமாவா?"

"இல்ல சாமி. ஒரே ஒரு வார்த்தை மட்டும் விழக் கூடாது. மத்ததெல்லாம் கேக்கலாம்."

சாமி ஓர் அரளிக் கிளையைத் தள்ளிவிட்டு அவனுக்கு உட்கார இடம் கொடுத்தார்.

பல்லாவரம் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டின் நடுத்திட்டில் அரளிச் செடிகளுக்கு இடையே உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். நடுத்திட்டுச் சாமி என்பார்கள். இமயமலைக்குப் போகிறேன் என்று பஸ் ஏறினவர். அந்த சிக்னலில் பஸ் நின்றது. ஏறும்போது மழமழவென்று இருந்த முகம். பச்சை விளக்கு விழுவதற்குள் தாடி நெஞ்சைத் தொட்டுவிட்டது. பனியில் உட்கார்ந்து கிடைக்கிறது இந்தப் புகையிலேயே கிடைத்துவிட்டது என்று இறங்கினவர், இறங்கினவர்தான்.

வயது என்று பார்த்தால் எத்திராஜைவிடச் சின்னவர். எத்திராஜுக்கு முன்மண்டையில் வழுக்கை ஏறிவிட்டது.

எத்திராஜ் அவர் காலில் விழுந்தது பக்தியில் அல்ல. போன மாதம் ஒரு கார்க்காரன் வெற்றிலை துப்புவதற்காகக் கதவைத் திறந்தான். பக்கத்தில் புகுந்து வந்துகொண்டிருந்த எத்திராஜின் வண்டி ஒரு பக்கம் போனது. எத்திராஜ் இன்னொரு பக்கம் போனான். தலை போய் நின்ற இடம் சாமியின் பாதம்.

"எழுந்திரு. ஆசீர்வாதம்" என்றார் சாமி.

அன்றிலிருந்து அவன் சிஷ்யன்.

"எந்த வார்த்தைடா காதுல விழக் கூடாது?"

எத்திராஜ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"வூட்ல சொல்லிக்கினு வந்தியா."

சென்னையில் வண்டி ஓட்டுகிற எவனும் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டான். சாகப் போகிறாயே, கடைசியாக வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி விடை வாங்கிக்கொண்டாயா என்று அர்த்தம். எல்லாரும் எப்போதாவது கேட்கிற அதை, எத்திராஜ் காலையிலும் கேட்டான், சாயங்காலமும் கேட்டான்.

ஏனென்றால் எத்திராஜ் நிற்க மாட்டான்.

வண்டலூரில் வீடு. கிண்டியில் வேலை. காலையில் அந்த ரோடு இருக்கிற இருப்பில் எறும்புகூட வரிசையில்தான் போகும். எத்திராஜுக்கு வரிசை ஆகாது. பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கிற கேப் இருந்தால் போதும், முறுக்கிக்கொண்டு போய்விடுவான். ஒரு நாள் ஒரு லாரிக்கும் அதன் நிழலுக்கும் நடுவே புகுந்து போனான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பார்த்தவன் நான்தான்.

"முன்னெல்லாம் காத்தோட போயிடும் சாமி. இப்ப ஒட்டிக்குது. படுத்தா தலகாணி கேக்குது. கொழாயத் தொறந்தா தண்ணி கேக்குது. இத்தன வாய் சொல்லிச் சொல்லி ஒரு நாள் பலிச்சிடுமோன்னு பயமா இருக்குது."

"மெதுவாப் போயேன்."

"அத வுட்டு வேற சொல்லுங்க சாமி."

சாமி ரோட்டைப் பார்த்தார். ரோடு நின்றுகொண்டிருந்தது.

"கேக்கறாங்களே, பதில் என்ன சொல்லுவே?"

"பதிலா? அது திட்டு சாமி."

"கடைசில கேள்வி இருக்குதே."

எத்திராஜ் முழித்தான்.

"சொன்னியா, சொல்லலியா?"

"எத?"

"வீட்ல."

எத்திராஜ் சிரித்தான். சாமி சிரிக்கவில்லை.

"போய்ச் சொல்லிட்டு வா. அப்புறம் மந்திரம் தரேன்."

அவ்வளவுதானா என்று எத்திராஜுக்கு ஏமாற்றம். விரதம், பால்குடம், ஏதாவது ஒரு மலை, இப்படி எதையாவது எதிர்பார்த்திருந்தான். வீட்டில் போய் ஒரு வார்த்தை சொல்வது ஒரு வேலையா?

மறுநாள் காலை சமையல்கட்டு வாசலில் போய் நின்றான்.

அமுலு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் மாமன் மகள்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவனை மாமா என்று கூப்பிடுகிறவள்.

"அமுலு."

"இன்னா மாமா?"

"ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு..."

"சொல்லு."

எத்திராஜ் வாயைத் திறந்தான். உள்ளே இருந்தது வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"கொழம்புல உப்பு கம்மியாப் போடு."

"நேத்து கொழம்பே வெக்கலியே."

"அதான்... இன்னிக்கு வெச்சா."

அமுலு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வர்றப்ப மாவு வாங்கிட்டு வா. கெட்டியா இருந்தா வாங்கு, தண்ணியா இருந்தா திருப்பிக் குடுத்துடு."

எத்திராஜ் கிளம்பிவிட்டான். அடுத்த நாளும் போய் நின்றான். அடுத்த நாளும் மாவு.

அதற்கப்புறம்தான் அந்தத் தண்ணி லாரி.

குரோம்பேட்டைப் பக்கம். இடது கைப்பக்கம் பஸ், வலது கைப்பக்கம் தண்ணி லாரி, நடுவே கேப். எத்திராஜ் புகுந்தான். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஆட்டோ, ஆள் ஏற்றுவதற்காகச் சடாரென்று ஓரம் கட்டியது. பஸ் வலப்பக்கம் ஒடித்தது. திறந்து கிடந்த கதவை யாரோ சாத்துகிற மாதிரி அந்தக் கேப் சாத்திக்கொண்டு வந்தது.

எத்திராஜின் வண்டிக் கண்ணாடி ஒடிந்து பஸ் சக்கரத்துக்குக் கீழே போனது. நொறுங்குகிற சத்தம் அவனுக்குத் தன் மண்டைக்குள்ளிருந்து கேட்டது. லாரியின் ஈரத் தகடு அவன் முழங்கையை உரசி, தோலை எடுத்துக்கொண்டது. மேலே ஜன்னலில் ஒரு பெண் "ஐயோ! ஐயோ!" என்று பஸ்ஸின் பக்கவாட்டுத் தகட்டை அடித்தாள்.

பஸ் நின்றது.

அவன் முட்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு பேப்பர் போகும். இரண்டு பேப்பர் போகாது.

டிரைவர் தன் ஜன்னல் வழியே இடுப்பு வரைக்கும் வெளியே தொங்கினார். முகம் வெளுத்திருந்தது. கத்தினார்.

"யோவ் சாவுகிராக்கி! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தான். ஆயுசில் முதல் தடவையாகப் பதில் சொன்னான்.

"இன்னும் இல்லண்ணே."

"இன்னாது?"

"ரெண்டு நாளாப் பாக்குறேன். சொல்ல வர மாட்டேங்குது."

பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.

"அப்ப போய்ச் சொல்லிட்டு வா" என்றார் டிரைவர். "நான் எங்க போயிடப் போறேன். இங்கதான் நிப்பேன்."

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். எத்திராஜுக்கு ஸ்டாண்டு போடக்கூட வரவில்லை.

சாயங்காலம் சாமியிடம் போனான். முழங்கையில் கைக்குட்டை கட்டியிருந்தான்.

"சொன்னியா?"

"இல்ல சாமி."

"ஏன்?"

"பல்லு வரைக்கும் வருது. அங்கியே நின்னுடுது."

சாமி கைக்குட்டையைப் பார்த்தார். அது என்ன என்று கேட்கவில்லை.

"ரெண்டு லாரிக்கு நடுவுல நிக்காதவன், ரெண்டு பல்லுக்கு நடுவுல நிக்கிறியேடா."

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவ அழுவா சாமி."

"சரி."

"புடிச்சி வெச்சிப்பா. போக வுட மாட்டா."

"சரி."

"மாமியா வீடு வரைக்கும் போயிடும் சாமி, பேச்சு."

சாமி அவன் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவன் என்ன கூப்பிட்டும் திரும்பவில்லை. அரளிச் செடியிடம் பேசிக்கொண்டிருப்பது போல எத்திராஜுக்கு இருந்தது. எழுந்து போனான்.

மறுநாள் காலை எத்திராஜ் சமையல்கட்டு வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே போனான்.

அமுலு சாப்பாட்டு டப்பாவை மூடி, பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அமுலு, குறுக்கப் பேசாம கேளு."

"ம்."

"நான் வரிசைல போறதில்ல. ரெண்டு வண்டிக்கு நடுவுல பூந்துதான் போறேன். தினமும். வேகமாத்தான் போறேன். என்னிக்காவது ஒரு நாள் திரும்பி வர மாட்டேன். எல்லாரும் கேக்குறாங்க, வூட்ல சொன்னியான்னு. சொல்லிட்டேன்."

சொல்லி முடித்ததும் அவனுக்கு மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறினவன் மாதிரி.

அமுலு பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சரி" என்றாள்.

"சரின்னா?"

"சொன்னே. கேட்டுக்கினேன்."

"அவ்ளோதானா?"

"வேற இன்னா சொல்லணும்? டைம் ஆச்சு, கெளம்பு."

அழுவாள் என்று பயந்தவனுக்கு, அழாதது பொறுக்கவில்லை. ஒரு சொட்டு? ஒரு பேச்சுக்காவது "இன்னா மாமா இப்பிடிப் பேசுறே" என்று கேட்டிருக்கக் கூடாதா? இத்தனை வருஷம் குப்பை கொட்டினதற்கு இதுதான் மரியாதையா?

செருப்பை மாட்டிக்கொண்டு விருட்டென்று கிளம்பினான்.

தெருமுனை வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கே கேஸ் வண்டியைக் குறுக்கே நிறுத்தி சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பூனை நுழைகிற சந்துகூட இல்லை. எத்திராஜ் காலை ஊன்றி நின்றான். நின்றபோதுதான் தோளில் கனம் இல்லாதது தெரிந்தது.

கோபத்தில் சாப்பாட்டுப் பையை விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

வண்டியைத் திருப்ப இடமில்லை. அங்கேயே ஸ்டாண்டு போட்டுவிட்டு நடந்து வந்தான். வழக்கமாக வீடு வருகிறபோது தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறவன். இன்று செருப்புச் சத்தம்தான்.

கதவு திறந்தே கிடந்தது.

"பைய வுட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தான்.

அமுலு கூடத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தாள். திரும்பினாள்.

நெற்றியில் பொட்டு இல்லை. வகிட்டுக் குங்குமம் இல்லை. ஈரத் துணியால் துடைத்த நெற்றி பளபளவென்று இருந்தது. ஸ்டிக்கர் பொட்டு கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருந்தது.

அந்த முகத்தை எத்திராஜ் அதுவரை பார்த்ததே இல்லை. உயிரோடு இருக்கிற எந்தப் புருஷனுக்கும் பார்க்கக் கிடைக்காத முகம் அது.

"இன்னாடி இது?"

அமுலு துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அப்புறம், மறைத்து என்ன ஆகப் போகிறது என்பது போல முன்னால் எடுத்துக்கொண்டாள்.

"தினமும்தான் மாமா. நீ போனதும் எடுத்துடுவேன்."

"எடுத்துட்டு?"

"நீ முனையில ஹாரன் அடிச்சா வெச்சிக்குவேன்."

சாயங்காலம் எத்திராஜ் உள்ளே வரும்போதெல்லாம் அவள் அப்போதுதான் வைத்த பொட்டோடு நிற்பாள். தனக்காகச் சிங்காரித்துக்கொள்கிறாள் என்று அவன் ஆபீஸில் பெருமை பேசியிருக்கிறான்.

"எப்பலேர்ந்து?"

"பம்மல்ல அந்தக் காதுகுத்துக்கு என்னப் பின்னாடி ஒக்கார வெச்சிக் கூட்டிட்டுப் போனியே. கண்ண மூடிக்கோன்னு சொன்னே. நடுவுல ஒரு தரம் தொறந்துட்டேன். ரெண்டு பக்கமும் டயருதான் இருந்திச்சி. மறுநாள்லேர்ந்து."

"அதுக்கு... இப்பிடியா?"

"நாலு பொம்பளைங்க சுத்தி நின்னு, கையப் புடிச்சிக்கினு அழிப்பாங்க மாமா. எங்க அம்மாவுக்குப் பண்ணாங்க, பாத்தேன். அதுக்கு நானே அழிச்சிட்டா, வந்தவங்களுக்கு வேல இல்ல."

வெளியே, தெருமுனையில், சிலிண்டர் உருள்கிற சத்தம் கேட்டது.

அமுலு மேஜைமேல் இருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து அவன் தோளில் மாட்டினாள். அவன் அப்படியே நிற்பதைப் பார்த்தாள். தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஹாரன் அடிக்கலியே நீ" என்றாள். "இரு, வெச்சிக்கினு வரேன்."

கதை இவ்வளவுதான். யார் சொன்னது என்று எவனாவது கேட்டால், பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லிவிடுங்கள். என் பேரை எடுத்துவிடாதீர்கள். நான் தினமும் அமுலு முகத்தில் விழிக்க வேண்டும்.