அடியில் போட்ட பாலிஷ்

ஆம்பூரில் ஷூ ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுலைகாவுக்கு ஒரு சீடர் உண்டு. பெயர் ஞானமுத்து. குருவைவிட சீடருக்கு வயது அதிகம். தையல் மெஷினை விற்றுவிட்டு இந்தத் தொழிலைக் கற்க வந்த மனுஷன். அவர் குருவை மாஸ்டரம்மா என்பார். குரு அவரை அண்ணா என்பார்.

ஞானமுத்து எதையும் தேயவிட மாட்டார். குளியல் சோப்பு கரைந்தால்கூட அவருக்கு வருத்தம்தான். அப்பேர்ப்பட்டவருக்கு மகள் பெனிட்டா தன் முதல் சம்பளத்தில் ஒரு ஷூ வாங்கித் தந்தாள். அடிப்பாகமும் அசல் தோல்.

தோல் சோல் ரோட்டில் பட்டால் தேயும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், ஷூ பெட்டிக்குள் போய்விட்டது. அவ்வப்போது வெளியே எடுப்பார். மேலே பாலிஷ் போடுவார். கவிழ்த்து, அடியிலும் போடுவார். திரும்ப உள்ளே வைப்பார். ஒருநாள்கூட காலில் மாட்டியதில்லை.

நாளைக்கு பெனிட்டாவுக்குக் கல்யாணம். சர்ச் வாசலிலிருந்து பீடம் வரை அப்பாதான் கையைப் பிடித்து அழைத்துப் போகவேண்டும். வேறு வழியில்லாமல் ஞானமுத்து பெட்டியோடு கடைக்கு வந்தார்.

"மாஸ்டரம்மா, தோல் துளிகூட தேயாம இருக்க இன்னா பண்ணணும்?"

"அடியில மெல்லிசா ரப்பர் ஒட்டணும்."

"இப்பவே ஒட்டிக் குடுங்க."

சுலைகா ஷூவைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் பளபளவென்று மின்னியது.

"இதுல முகம் பாத்து தலை சீவலாம் போலிருக்கே. போட்டுனு நடங்க, பாக்கலாம்."

ஞானமுத்து கடையின் டைல்ஸ் தரையில் காலை வைத்தார். வைத்த கால் தனியாகப் போய்விட்டது. பழைய செருப்புக் குவியல் மேல் போய் உட்கார்ந்தார். சுலைகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சர்ச்சுல நீங்க பொண்ணைக் கூட்டினு போவீங்களா, பொண்ணு உங்களைத் தூக்கினு போகுமா?"

"அதுக்குத்தான் ரப்பர் கேக்கறேன்."

"இந்த வழவழப்புல பசை பிடிக்காதுண்ணா. பூக்கடைத் தெருவுல புதுசா ரோடு போட ஜல்லி கொட்டியிருக்காங்க. அதுல நடந்துட்டு வாங்க."

"ஜல்லியிலயா? தோல் என்னத்துக்காகும்?"

"சரி, பெட்டியிலயே வைங்க. நாளைக்கு வெறுங்கால்ல போங்க."

ஞானமுத்து கிளம்பினார். ஒவ்வொரு கல்லும் தன் உள்ளங்காலிலேயே குத்துவதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு நடந்தார்.

கல்யாணத்துக்குப் பூ சொல்ல வந்திருந்த பெனிட்டா அவரைப் பார்த்துவிட்டாள். முதலில் ஷூவைப் பார்த்தாள். பிறகுதான் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நீ இதைப் போட்டுனு இருக்கியா?"

"ஆமாம்மா. கொஞ்சம் கீறல் விழுது."

"உனக்குப் புடிக்கவே இல்லைன்னு நெனச்சிருந்தேன். இப்ப இங்க வர்ற வழியில மாஸ்டரம்மாகிட்டகூட கேட்டேன், நான் வாங்கிக் குடுத்ததாலதான் அப்பா போடலையான்னு."

பத்திரம் பத்திரம் என்று இத்தனை நாள் பிள்ளையை நோகடித்திருக்கிறோமே என்று ஞானமுத்து நினைத்தார்.

"புடிச்சதாலதாம்மா போடலை" என்றார்.

"நல்லா இருக்குப்பா உன் நியாயம்."

பெனிட்டா அவர் கையைக் கோத்துக்கொண்டாள். நாளைக்கு எப்படி நடப்பது என்று அங்கேயே நடந்து பார்த்தார்கள். பூக்கடைக்காரர் ஒரு பிடி உதிரிப்பூவை இருவர் தலையிலும் போட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கடைசிவரை போய், திரும்பி, இன்னொரு தடவையும் நடந்தார்கள். ஞானமுத்து கீழே குனிந்து பார்க்கவே இல்லை.

கடைக்குத் திரும்பியபோது அவர் தலையில் பூ இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. ஷூவைக் கழற்றி நீட்டினார்.

"எல்லாம் போச்சு மாஸ்டரம்மா. ஒரே கீறல்."

சுலைகா ஷூவின் அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சொரசொரவென்று இருந்தது. மிச்சமிருந்த பாலிஷைத் துடைத்துவிட்டுப் பசை தடவினார். காய்ந்ததும் ரப்பரை வைத்துச் சுத்தியலால் தட்டினார். கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் ஞானமுத்துவின் கண்ணில் அது பட்டது. சுலைகாவின் பக்கத்திலேயே, ஆணியில் உப்புத்தாள் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதால நாலு இழுப்பு இழுத்திருந்தாலே சொரசொரப்பு வந்திருக்குமே. என்னை எதுக்கு ஜல்லியில அலையவிட்டீங்க?"

சுலைகா ஷூவை அவர் கையில் கொடுத்தார்.

"உப்புத்தாளுக்கு உங்க பொண்ணைத் தெரியாதேண்ணா."